நாலாவது டிஸ்க்

பள்ளத்தூரில் என் மருந்துக்கடையில்
ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்கிறேன்:
"அது இல்லீங்க. இது அதே மருந்துதான்,
கம்பெனி மட்டும் வேற."
நம்பி வாங்கிப்போகிறார்கள்.
காய்ச்சலும் விட்டுவிடுகிறது.

ஃபார்கோ பிக்கப் விஷயத்தில் மட்டும்
இந்தப் பேச்சு என்னிடமே எடுபடவில்லை.

சோடா கம்பெனி ஏலத்தில் எடுத்தது,
ஐம்பத்தி நாலாம் வருஷத்து வண்டி.
மூக்கு நீளம். கதவு இரண்டும் அசல்.
வெயில் ஏறினால் சீட்டுக்குள்ளிருந்து
இப்போதும் பன்னீர் சோடா வாசனை.
சக்கரம் நாலும்தான் பொய்.
எந்த மகராசனோ
ஜீப் டிஸ்க்கை வாங்கி, வட்டம் ஒத்துவராமல்,
பழைய ஐந்து ஓட்டைக்கு நடுவே
புதிதாக ஐந்து ஓட்டை போட்டு முடுக்கியிருந்தான்.
நாற்பதைத் தொட்டால் போதும்,
ஊசி போட வந்த பிள்ளை மாதிரி
ஸ்டியரிங் என் கையில் துள்ளும்.

"அலாய் போட்டுடலாம் உமையாக்கா,
பளபளன்னு இருக்கும்" என்றான் இத்ரீஸ்.
மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

நாலாம் நாள் அவனே வந்தான், கையில் ஓர் அட்டை.
ஹப்பில் கிரீஸ் தடவி ஒற்றியெடுத்த அச்சு:
நடுவில் பெரிய வட்டம், சுற்றி ஐந்து பொட்டு.
அதை ரசீதுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.
இருமல் மருந்துக்கு வரும் லாரிக்காரர்களிடமெல்லாம்
காணாமல் போனவர் படம் போல நீட்டினேன்.

முதல் இரண்டும் புதுவயலில்,
பொன்னழகுவின் பழைய இரும்புக்கடையில்,
அரிசி ஆலை ஜெனரேட்டர் ட்ராலிக்கு அடியில்.
"கிலோ கணக்கா, பீஸ் கணக்கா?" என்று கேட்டவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
பீஸ் கணக்கு என்று அவரே முடிவு செய்தார்.

மூன்றாவது தேவகோட்டை ரஸ்தாவில்,
கரும்புச்சாறு வண்டிக் குடையைத் தாங்கிக்கொண்டு,
வயிறு நிறைய கான்கிரீட்டோடு.
உளி வைத்து இரண்டு நாள் கொத்தினோம்.
உள்ளே ஓர் எட்டணா கிடந்தது.
அதைக் குடைக்காரரிடமே கொடுத்துவிட்டோம்.

நாலாவதுக்கு ஒன்பது மாதம்.

செட்டிநாடு ஸ்டேஷன் தாண்டி ரயில்வே கேட்.
எத்தனை தடவை காத்துக் கிடந்திருப்பேன் அங்கே.
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது:
"நில்" என்கிற பலகை
ஒரு சக்கரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

இறங்கிப்போய் அட்டையை வைத்தேன்.
ஐந்துக்கு ஐந்து.
பின்னால் மூன்று வண்டி ஆரன் அடித்தது.
கேட்கீப்பர் மீனா, ராஜஸ்தான்காரர்,
மூன்று வருஷத் தமிழில் கேட்டார்:
"மேடம், காத்துல போர்டு விழும்.
வெயிட்டுக்கு நீ என்ன குடுப்ப?"

கொடுத்தேன்.
ஜீப் டிஸ்க் ஒன்று, பத்து ஓட்டையோடு.
வெல்டிங் செலவும் என்னுடையது.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தபோது
துருவுக்கு அடியிலிருந்து எழுத்து எழுந்து வந்தது.
மற்ற மூன்றிலும் இருக்கும் முத்திரை இல்லை.
ஏதோ லூதியானா.
அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
எவனோ அடித்திருக்கிறான்.
அதே அளவு, அதே குழிவு.
சொல்லத்தான் வேண்டும்,
தகடு அசலைவிட ஒரு நூல் கனம்.

இத்ரீஸ் என்னைப் பார்த்தான்.
நான் டிஸ்க்கைப் பார்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவனுக்கு அன்று பிரியாணி.

பின்பக்கம், இடது.
அந்தப் பக்கத்து நட்டுக்கெல்லாம் மரை தலைகீழ்.
அது தெரியாமல் மிதித்துத்தான்
பஞ்சர் கடைப் பையன் இரண்டு போல்ட்டை ஒடித்தான்.
கழற்றுகிற பக்கமாகத் திருகினேன்.
இறுகிக்கொண்டே போனது.

இப்போது அறுபதில் போகிறேன்.
ஸ்டியரிங் தூங்குகிறது.

நேற்றும் கேட் மூடியிருந்தது.
பத்து ஓட்டையின் மேல்
பலகை கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.
மீனா கையசைத்தார்.
பக்கத்துக் காரிலிருந்து ஒருவர்
கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"வீல் நாலும் ஒரிஜினலா?"

ராமேசுவரம் வண்டி வந்துவிட்டது.
அந்தச் சத்தத்தில்
நான் என்ன சொன்னேன் என்று
எனக்கே கேட்கவில்லை.