பன்னிரண்டாவது நிமிடம்

என் பெயரை இரண்டு பேர் வாசித்தார்கள்,
பெட் ரிக்கற்றில் ஒருமுறை, பையில் ஒருமுறை:
கனகமலர், ஓ பொசிட்டிவ்.
"முதல் கால்மணித்தியாலம் எழும்ப மாட்டன்"
கதிரையை இழுத்துப் போட்டாள் றிஸ்மியா.

குளிர்ப்பெட்டியின் குளிர்
முழங்கையால் ஏறியது.
பன்னிரண்டாவது நிமிடம்
பல்லுக் கிட்டியது. நாரி உளைந்தது.
"சும்மா குளிர்தானே" என்றேன்.
நம்பவில்லை.
குழாயைப் பூட்டினாள்.
ஓடவில்லை, நடந்தாள்.

யன்னலுக்கு வெளியே, கோட்டை ரோட்டில்
ஒரு மான்
லஞ்ச் சீற் தின்றுகொண்டிருந்தது.
எவரும் நிறுத்தவில்லை.

அரைவாசியும் குறையாத பை
பரிசோதனைக்குத் திரும்பியது,
கிண்ணியாவிலோ கந்தளாயிலோ
யாரோ சட்டைக்கை மடித்துத் தந்தது.
அவரில் பிழையில்லை.
என்னிலும் இல்லையாம்.

விடியப்புறம் இன்னொரு பை.
இரவு முழுக்க அக்கா என்றவள்
மறுபடி கேட்டாள்:
"உங்கட முழுப்பெயர்?"