நடுப்பந்து

இமெல்டாவின் முகத்தைவிட
அவளுடைய முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.
பதினொரு வருஷம்.
நான் சேர்வ் போட, அவள் வலையடியில் குனிந்து நிற்பாள்.
வலது தோளுக்குக் கீழே முதலில் வியர்க்கும்,
பிறகு இடது.
பின்னால் மடித்த கை எனக்கு மட்டும் பேசும்:
விரித்தால், குறுக்கே பாய்வேன், நீ இடம் மாறு.
பொத்தினால், நிற்கிறேன், நீயும் நில்.

உவர்மலையில் ஆடி மாதக் காலிறுதி.
துறைமுகப் பக்கமிருந்து கச்சான் காற்று
வெக்கையை வாரி இறைக்கிறது.
மேலே எறிந்த பந்து எறிந்த இடத்துக்கு வருவதில்லை.
படிக்கட்டில் கச்சான் தின்றவர்களின் கோது
எங்கள் கோட்டில் வந்து குந்துகிறது.
காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பேர் வைத்த ஊரில்
யார்மேல் குற்றம் சொல்ல.

எதிரே நின்றவர்கள்
மூன்று நாளைக்கு முன் பதிவு மேசையில்தான்
ஒருவரை ஒருவர் கண்டவர்களாம்.
ஒருத்தி அல்மாட்டி, மற்றவள் தாய்பே.
இருவருக்கும் பொதுவாக இருந்தது நாலு சொல்:
யெஸ், நோ, சொறி, மைன்.
வருகிற பந்துக்கெல்லாம் கத்தினார்கள், மைன், மைன்,
மீன் சந்தையில் கூறு கேட்பது மாதிரி.
நாங்கள் கத்துவதில்லை.
ஆளை ஆள் தெரியாதவர்களுக்குத்தான் வாய் வேணும்
என்பாள் இமெல்டா.

இரண்டாவது செற்றில் ஒரு பெண்மான்
கோட்டையிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்ததோ,
திறந்த கேற்றால் நுழைந்து
சேர்விஸ் கட்டத்துக்குள் நின்றது.
நடுவர் திலகசிறி போகச் சொல்லி முதலில் சிங்களத்தில் கேட்டார்,
எங்களைப் பார்த்துவிட்டுத் தமிழில்,
பிறகு ஒலிபெருக்கியில் ஆங்கிலம்.
மான் மூன்றையும் கேட்டது.
தாய்பேக்காரி நீட்டிய வாழைப்பழத்தை
வாங்கிக்கொண்டு போனது.
அந்த எட்டு நிமிஷத்தில்
என் முழங்கால் ஆறி இறுகிப்போனது.
அதை எந்த அட்டையிலும் எழுதமாட்டார்கள்.

ஆளுக்கொரு செற்.
கடைசி டைபிரேக், எட்டுக்கு ஒன்பது, நான் சேர்வ்.
பொத்திய கை.
நல்ல சேர்வ்தான், இன்றைக்கும் சொல்வேன்.
திரும்பி வந்த பந்து வேகமாகக்கூட இல்லை.
எங்கள் இருவருக்கும் நடுவே,
தெரிந்த வீட்டுக்குள் வருகிற ஆள் மாதிரி.
நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள், நின்றாள்.
அந்தப் பந்தை எப்போதும் எடுப்பது அவள்தான்,
நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒருமுறை குத்தி எழும்பி
பின்வேலியில் முட்டி உருண்டது.
பச்சைச் சட்டைப் பொடியன் ஓடிப்போய் எடுத்தான்.

கந்தோர் மேசையில் இரண்டு இடத்தில் கையெழுத்து.
வரி கழித்து, ஆளுக்குக் கிடைத்ததில்
ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றலாம்,
சப்பாத்து வாங்கக் காணாது.
“அது என்ர பந்து” என்றேன்.
“இல்லை, என்ர” என்றாள்.
“என்ர எண்டு சொல்றனெல்லே.”
காசு எண்ணியவர் விரலில் எச்சில் தொட்டபடி
நாங்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அடுத்தது குருநாகல்.
பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி.
அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு டெரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
பை மடியில், ராக்கெட் முதுகில்,
பாலையூற்றுப் பக்கம் திரும்பும்போது
இடக்கையைப் பின்னால் கொண்டுபோய்
இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.
பொத்திய கை.
விழாமல் இருக்கத்தான், வேறென்ன.
ஆனாலும் என் கால்
கேற்றடியில் கொஞ்ச நேரம்
இடம் மாறவில்லை.