வலப்பக்கம் போக

கவுனாஸுக்கு வெளியே,
விமானங்கள் மறந்துவிட்ட ஓடுபாதை.
கான்கிரீட் விரிசலெல்லாம் புல்.
ஆறு பேர், ஆறு இரவல் ஹெல்மெட்.
என்னுடையதில் யாரோ புகைத்த வாடை.

"வலப்பக்கம் போக, வலக் கைப்பிடியை முன்னே தள்ளுங்கள்"
என்கிறாள் ஷிவிலே. வார நாட்களில் தபால் கொடுப்பவள்.
தள்ளினால் சக்கரம் இடப்பக்கமல்லவா திரும்பும்?
"திரும்பும், ஒரு கணம்.
வண்டி வலப்பக்கம் சாயும்.
சாய்ந்த பக்கம் போகும்."

ரிம்வீதஸ் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார்.
சாக்பீஸால் தரையில் அம்புகள் போட்டு
எங்கள் எல்லோருக்கும் விளங்கவைத்தார்.
பிறகு ஏறி,
மூன்றாவது கூம்பின் மேலேயே விட்டார்.

நான் பல் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுபவள்.
தள்ளு என்றால் என் கை இழுக்கிறது.
முப்பது வருஷம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.
எதைச் செய்து திரும்பினேன் என்று
இன்றைக்குத்தான் ஒருத்தி கேட்கிறாள்.

நான்காவது சுற்று. ஐம்பதில் முள்.
புல்லிலிருந்து ஒரு முயல்.

வலது உள்ளங்கை தானாக முன்னே போனது,
குழந்தை தூங்கும் அறையின் கதவைத்
தள்ளுவதுபோல, அவ்வளவே.
அடிவானம் சரிந்தது.
வண்டி வளைந்தது.
முயல் தன் பாட்டுக்குப் போயிற்று.

இறங்கினேன். முழங்கால் நிற்கவில்லை.
ரிம்வீதஸ் சாக்பீஸோடு ஓடி வந்தார்:
"என்ன செய்தீர்கள்? எந்தக் கை? எவ்வளவு?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துக்கொண்டே மறுபடி ஏறினேன்.
மூன்றாவது கூம்பு,
டமால்.