ஆறாம் வகுப்பு, களிமண்

வூப்பர்டாலில் மழை. ஐந்தாம் பாடவேளை.
ஐஸ் குச்சியால் களிமண்ணைக் குத்துகிறார்கள்
இருபத்தேழு சுமேரியர்கள்.

முதலில் எழுதியது கவிதையல்ல,
கணக்கு என்றேன்.
ஒருவருக்கும் வருத்தமில்லை.

ரோஜின் எழுதினாள்:
லெனார்ட் தர வேண்டியது
இரண்டு யூரோ, ஒரு பிரெட்செல்.
சூளையில் சுட்டுத் தாருங்கள் என்றாள்,
அழிக்க முடியாதபடி.

யூனுஸின் வில்லையில் ஒரே ஒரு வளைகோடு.
டைகிரிஸாம். மோசூலில் அவன் ஜன்னலுக்குக் கீழே
இப்படித்தான் திரும்புமாம்.
பாடப்புத்தகத்தில் அது நேராக ஓடுகிறது.
திருத்தினேன், பென்சிலால்.

சிந்துவெளிக்கு அரைப் பக்கம்:
எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை.
அதற்கு மேல்
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

லெனார்ட் கை தூக்கினான்.
வாசிக்க ஆளில்லையென்றால்
கடன் தீர்ந்துவிடுமா?

மணி அடித்தது.
கதவருகே ரோஜின்,
கைகூடக் கழுவாமல்.