புதுவயலில் முதல் பதிவு

பத்து வருடம் பட்டாசு ஆலை.
இன்னும் எந்த வாசலைக் கண்டாலும்
கை தானாய்ச் செம்புத் தகட்டைத் தேடுகிறது.
உடம்பில் ஏறிய மின்சாரத்தை
மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நுழைகிற பழக்கம்.
இந்த அரிசி ஆலையில் தகடு இல்லை.
நிலையில் குங்குமமும் காய்ந்த மாவிலையும்தான்.
அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.
பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நேர்காணலில் வயிரவன் செட்டியார் கேட்டார்:
"வெடிக்கும் அரிசிக்கும் என்னம்மா சம்பந்தம்?
இங்க வெடிக்க என்ன இருக்கு?"
அவர் மேசைக் கண்ணாடியில் தவிட்டுத் தூள் படிந்திருந்தது.
விரலால் வழித்து ஊதினேன்.
சன்னல் வெயிலில் அது இறங்காமல் நின்றது.
"அலுமினியப் பொடியும் இப்படித்தான் சார் நிக்கும்."
அவர் சிரிக்கவில்லை.
கேட்ட சம்பளத்தில் நாலாயிரம் குறைத்து
திங்கள்கிழமை வரச் சொன்னார்.

பட்டாசில் எல்லாமே எண்ணிக்கை.
அறைக்கு நாலு பேர்;
ஐந்தாவது ஆள் தண்ணீர் கொடுக்க வந்தாலும் தவறு.
மருந்து கலப்பது வெயில் ஏறும் முன்.
இரும்பு ஆகாது, நைலான் ஆகாது, கொலுசு ஆகாது.
பதினேழாம் அறையில் ஆறு பேர் என்று
மூன்று கடிதம் எழுதினேன்.
விசாரணைக்கு வந்தவர் கேட்டபோது
மூன்றும் கோப்பில் இருந்தன.
அறை இல்லை.

பிறகு விண்ணப்பங்கள்.
நூல் ஆலை, சிமென்ட், ஒரு ஆஸ்பத்திரி.
"தொடர்புடைய அனுபவம்" என்று ஒரு கட்டம்.
பயப்படத் தெரியும் என்று எழுத
அதில் இடம் போதவில்லை.

காரைக்குடியில் பஸ் மாறி வந்து
முதல் வாரம் முழுக்கப் பெயர்களைக் கேட்டேன்:
ஊறல் தொட்டி, எலிவேட்டர் குழி, உமிக் கூடு.
என் ஹெல்மெட்டைப் பார்த்து
மூட்டை தூக்குகிறவர்கள்
"மழை வருதா மேடம்?" என்றார்கள்.
கீழே நெல் இறங்கும்போது மேலே நிற்கிறவனை
குவியல் இடுப்புவரை இழுத்துவிடும் என்று
அவர்களில் ஒருவர்தான் சொன்னார்,
பீடியை அணைத்துவிட்டு,
நான் கேட்காமலே.

பதினோராம் நாள். மழை விட்ட காலை.
ஆலைக்குப் பின்னால் உமிச் சாம்பல் மேடு,
சாம்பல் நிறம், சாம்பல் அமைதி.
ஓரத்தில் ஒரு நாய் சுருண்டு கிடந்தது.
அது ஏன் அங்கே படுத்திருக்கிறது என்று
நான் யோசித்திருக்க வேண்டும்.
சுவருக்கும் மேட்டுக்கும் எத்தனை அடி என்று
டேப்பை இழுத்துக்கொண்டு ஏறப் போனேன்.

"கால எடு!"
பொன்னழகு. மேடம் இல்லை, ங்க இல்லை.
கூடையைப் போட்டுவிட்டு
என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.
மூங்கில் கழியை மேட்டுக்குள் செருகி எடுத்தாள்.
நுனியில் ஒரு சிவப்புக் கண்.
"மேலதான் சாம்பல். உள்ள போன வாரத்து நெருப்பு."
சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள்.
கெண்டைக்கால் தோல் உருகி உறைந்த மெழுகாய் இருந்தது.
"யார்கிட்ட சொன்னீங்க?"
"யாரு கேட்டா?"

எனக்குத் தெரிந்த நெருப்பு கத்தும்.
பேசாத நெருப்போடு
எனக்குப் பழக்கம் இல்லை.

மதியம் நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு
"நூலிழையில் தப்பியவை" என்று தலைப்பு எழுதினேன்.
வரிசை எண் ஒன்று.
பெயர்: சண்முகக்கனி.
பதவி: பாதுகாப்பு அலுவலர்.
காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.
"தெரியும் என்று நினைத்தது" என்று எழுதினேன்.
சாட்சிக் கையெழுத்துக்குப் பொன்னழகைக் கூப்பிட்டேன்.
எழுத்து எழுத்தாகப் போட்டாள், சாம்பல் ரேகையோடு.

போகாமல் நின்றாள்.
"என்னோடத எழுதலாமா? நான் தப்பிக்கலையே."
அதற்கு வேறு நோட்டு இருந்திருக்க வேண்டும்.
இல்லை. தலைப்பை அடித்துவிட்டு
வரிசை எண் இரண்டு போட்டேன்.
"தேதி?"
"கொப்புடையம்மன் தேருக்கு மறுநாள்.
முந்தின வருசம்."
தேதிக் கட்டத்தில்
அதை அப்படியே எழுதினேன்.