நாலாம் கதவு

மார்கழி பதினேழு, இரவு ஒன்று நாற்பது.
கூழாவடிக்குளத்தில் ஒருவரும் சொல்லாமல்
நாலாம் வான்கதவு ஒன்றேகால் அடி எழும்பிற்று.

காவலுக்கு நின்ற யேசுராசன் போனில் கத்தினான்:
"அக்கா, நான் தொடேல்லை, அது தானாய்..."
பின்னால் தண்ணீரின் சத்தம்,
அவன் குரலைவிடப் பெரிதாய்.

ஒட்டுசுட்டானிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர்.
மழைக்கோட்டுக்குள் மடிகணினியைக் கட்டிக்கொண்டு போனேன்.
வழியில் ஒரு யானை. அது கடக்க ஏழு நிமிடம்.
ஏழு நிமிடத்துக்கு எத்தனை வயல் என்று
கணக்குப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

கையால்தான் இறக்கினோம்.
சக்கரம் நூற்றுப் பன்னிரண்டு சுற்று;
எண்பதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே அது, ஒரு றாத்தல் பாண் அளவு,
பச்சை விளக்கு மினுங்க,
ஒன்றும் பிழையில்லை என்கிற மாதிரி.
பிழையில்லைத்தான்.
"கதவு நாலு, திற" என்று கட்டளை வந்திருக்கிறது,
திறந்திருக்கிறது.
ஆர் சொன்னது என்று அது கேட்கவில்லை.
அது பேசும் மொழியில்
ஆர் என்ற சொல்லே கிடையாது.

எங்களிடம் கேட்டார்கள்.
பாஸ் எங்கே, போகிற காரணம் என்ன,
திரும்புகிற திகதி எது, பிணை நிற்பது ஆர்.
ஓமந்தையில் என் கொம்பாஸ் பெட்டியையும் கொட்டிப் பார்த்தார்கள்.
பதினொரு வயதில் ஒரே நாளில்
நாலு மேசையில் பெயர் எழுதியவள் நான்.
இந்தப் பெட்டி எந்த வரிசையிலும் நின்றதில்லை.
எவன் தட்டினாலும் வாங்கோ என்கிறது.

சாவிக்கு மூன்று நிலை: ஓட்டம், நிரல், தொலைவு.
பூட்டிய நாளிலிருந்து தொலைவிலேயே நிற்கிறது,
சாவியின் பாதி உள்ளே முறிந்தபடி.
கடவுச்சொல் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில்;
உலகம் முழுக்க அதே கையேடு.
பக்கத்தில் ஒரு ரவுட்டர், அதற்குள் சிம்.
கொழும்பிலிருந்து வந்துபோக அலுப்பு என்று
ஒப்பந்தக்காரர் போட்டுவிட்டுப் போன ஓட்டை.

எதிரி ஒருவனைத்தான் தேடினேன், ரவுட்டரின் பதிவில்.
விடியப்புறம் அகப்பட்டது இந்துனில்,
ஒப்பந்தக்காரரின் பொறியியலாளர், நல்ல பொடியன்.
அம்பாந்தோட்டையில் ஏதோ ஒரு கதவைச் சோதித்தாராம்,
பகலில் ஆட்கள் இருப்பார்கள் என்று இரவில்.
முகவரியில் ஒரு இலக்கம் மாறிப்போயிற்று.
"சொறி மிஸ். அங்கே ஏதும்...?"

அங்கே கட்டுக்குக் கீழே
நாகேஸ்வரியின் மூன்று ஏக்கர், குடலைப் பருவம்,
நுனிகூடத் தெரியவில்லை.
குடலைக்குச் சிங்களம் எனக்கு வராது.
வயல் என்று மட்டும் சொன்னேன்.
அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

நாலு பக்கம் அறிக்கை எழுதினேன்.
மூன்று கிழமையால் பதில்:
பெட்டிக்கு ஆமைப்பூட்டு ஒன்று வாங்க அனுமதி,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய், பற்றுச்சீட்டு இணைக்கவும்.
வாங்கினோம். பூட்டியிருக்கிறோம். நல்ல பூட்டு.

சிம்மைக் கழற்றியது அறிக்கையில் இல்லை.
அது என் பேர்சில், மருந்துத் துண்டுக்குப் பின்னால்.
மாங்குளம் அலுவலகத் திரையில்
நாலாம் கதவு இப்போது சாம்பல் நிறம்: தொடர்பில்லை.
கேட்டால் சிக்னல் சரியில்லை என்கிறேன்.
வன்னியில் அதை ஆரும் நம்புவார்கள்.

மழை என்றால் நான் போகவேண்டும்.
நேற்றும் போனேன்.
கட்டில் ஏற முன்னமே டோர்ச் முகத்திலடித்தது.
"ஆரது?" என்றான் யேசுராசன்.
பெயரைச் சொன்னேன்.
மழைக்குக் கேட்கவில்லைப் போல.
திரும்பவும் சொன்னேன்.