சிவப்புப் புள்ளியின் கணக்கு

பெர்மெத் எடுத்த படங்களில்
எப்போதும் நான் ஒரு சிவப்புப் புள்ளி.
மலை எவ்வளவு பெரியது என்று காட்ட
ஓர் ஆள் வேண்டுமாம்.
ஆள் சின்னதாகத் தெரிய வேண்டும்,
சட்டை சிவப்பாக இருக்க வேண்டும்,
முகம் தேவையில்லை.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது ஜிர்கலானில்,
மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிரே.
அவளிடம் கடனில் வாங்கிய லென்ஸ் ஒன்று,
கரகோல் வங்கிக்கு இன்னும் பதினோரு தவணை.
என்னிடம் பனிச்சறுக்குக் கட்டை ஒரு ஜோடி,
அதில் ஒன்று ஒட்டுப்போட்டது.
"வரும் பணத்தில் பாதி உனக்கு" என்றாள்.
வராத பணத்திலும் சரிபாதி கொடுத்தாள்,
இரண்டு குளிர்காலம்.

சனிக்கிழமைகளில் கல்யாணம் எடுப்பாள்.
மணப்பெண்ணின் மாமாக்கள் ஐம்பது பேரை
ஒரே சட்டத்துக்குள் அடைப்பதைவிட
எந்தச் சிகரமும் சுலபம் என்பாள்.
ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு
கல்யாண வீட்டுப் போர்சோக் பை நிறைய,
என் ஜன்னலில் ஒரு பனியுருண்டை.

குளிரில் பேட்டரி செத்துப்போகும்.
அக்குளில் இரண்டு, காலுறையில் இரண்டு,
அடைகாத்துக்கொண்டே ஏறுவாள்.

பனியில் மறுமுறை என்பது கிடையாது.
"இன்னொரு தடவை!" என்று அவள் கத்தும்போது
என் பழைய தடம் சரிவில் கிடக்கும்,
யாரோ எழுதிக் கெடுத்த தாள்போல.
தடம் படாத இடம் தேடி
இன்னும் மேலே, இன்னும் இடப்பக்கம்.
ஒரே நாளில் ஒன்பது தடவை
ஒரே மலையில் முதல் மனிதனாக இறங்கியிருக்கிறேன்.

கம்பெனிகள் பதில் எழுதும்.
அருமை, ஆனால் சட்டையில் எங்கள் முத்திரை தெரியவில்லை.
அருமை, ஆனால் இந்த ஆண்டு எங்கள் நிறம் நீலம்.
அருமை, சும்மா தந்தால் உங்கள் பெயரைப் போடுகிறோம்.
"பெயரை வைத்து வட்டி கட்டலாமா?"
என்று தட்டுவாள். அழிப்பாள்.
"நன்றி" என்று அனுப்புவாள்.

பிப்ரவரியில்
அந்த ஒன்பதாவது இடப்பக்கத்தில்
காலடியில் ஒரு சத்தம்,
பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல.
பிறகு மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை.
வாயில் பனி.
ஒரு ஸ்புரூஸ் மரம் என் கையைப் பிடித்துக்கொண்டது,
முறித்துத்தான் விட்டது.

எட்டு நிமிடம் தோண்டினாள்.
அவள் கழுத்தில் தொங்கிய கேமரா
மண்வெட்டியின் ஒவ்வொரு வீச்சுக்கும்
என் முகத்தில் இடித்தது
என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
அட்டையைத் திறந்து பார்த்தோம்.
கடைசியாக ஒரு படம்.
சாய்ந்த அடிவானம், புகையாக எழும் வெள்ளை,
கீழ் மூலையில் பாதிச் சிவப்புக் கை.
"நான் அழுத்தவில்லை" என்றாள்.
நான் கேட்கவே இல்லை.

மூனிச்சில் ஒரு கம்பெனி அதை வாங்கியது.
முத்திரை தெரியாதது பற்றி
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பதினோரு தவணையும் ஒரே காலையில் கட்டிவிட்டு
என் பாதியை உறையில் போட்டுக் கொடுத்தாள்.
ஒரு குளிர்காலத்துக்கு நிலக்கரி,
காருக்கு நான்கு டயர்,
மீதிப் பணத்தை எண்ணாமல் வைத்தேன்.
வாங்கியிருக்கக் கூடாதோ என்று
ஒரு வாரம் தோன்றியது. பிறகு தோன்றவில்லை.

இப்போது அவளுக்கு விமான டிக்கெட் அனுப்புகிறார்கள்.
சிலி, நார்வே, ஒரு தடவை அலாஸ்கா.
"எப்படி இந்த இடத்துக்கு வந்தீர்கள்?" என்று
இளம் பிள்ளைகள் மைக் நீட்டுகிறார்கள்.
"பொறுமை" என்கிறாள்.
அறையின் பின்வரிசையில் நான்
முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறேன்.

அந்தப் படம் இரண்டு ஆள் உயரத்தில்
ஒரு கடையில் தொங்குகிறதாம்.
அதற்குக் கீழே நின்று சட்டை போட்டுப் பார்ப்பவர்கள்
கையை நீட்டி அளவு சரியா என்று பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது.
"இன்னொரு தடவை" என்று இப்போது கத்துவதில்லை.
ஒரே ஒரு முறை இறங்கச் சொல்கிறாள்.
தவறினால் கேமராவை மூடிவிட்டுத்
தேநீர்க் குடுவையைத் திறக்கிறாள்.
நல்ல படங்கள் நிறையப் போய்விட்டன அப்படி.

நாளை நான்கு மணிக்கு.
இந்த ஆண்டுச் சட்டை மஞ்சள்.
இடது கையை நுழைக்கும்போது மட்டும்
கொஞ்சம் நேரமாகிறது.